கடலோரச் சிற்றூர்ப் பப்பில் நான்கு மதியங்கள்

இங்கிலாந்தின் நார்விச்சுக்குக் குடிவந்ததிலிருந்து விடுமுறை நாள் என்றாலே எங்களுக்கு நார்ஃபோக்கின் வடகரைதான். வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கடற்கரை என்று சொன்னாலும் அலை வந்து காலை நனைக்கும் இடம் அல்ல அது. பிளேக்னி, மார்ஸ்டன் பக்கத்தில் ஊருக்கும் கடலுக்கும் நடுவே உவர்ச் சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது; நீர் ஏறும்போது ஓடைகள் நிரம்பிப் படகுகள் எழுந்து நிற்கும், வற்றிய பிறகு அவையெல்லாம் சேற்றில் ஒருக்களித்துப் படுத்துவிடும். அந்தச் சதுப்பைப் பார்த்தபடி இருக்கும் சிற்றூர் ஒன்றின் பப்பில் 2024 ஆகஸ்டு முதல் 2025 ஆகஸ்டு வரை நான்கு முறை மதிய உணவு சாப்பிட்டிருக்கிறேன். முதல் முறை வெளியே வந்தபோது, இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். பிறகும் மூன்று முறை போனேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால் அந்த இடத்தின் பெயர் இங்கே வராது.

முதல் வருகை ஆகஸ்டு மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, அதாவது பேங்க் ஹாலிடே என்னும் பொது விடுமுறைகளில் கோடையின் கடைசி நாள் அன்று. ஊரின் கார் நிறுத்துமிடம் பதினொரு மணிக்கே நிரம்பிவிட்டது. பப்பின் தோட்டத்தில் ஒரு மேசை காலியாக இருந்ததே பெரிய அதிர்ஷ்டம் என்று எண்ணி நானும் மனைவியும் ஒன்பது வயது மகளும் போய் உட்கார்ந்தோம், உட்கார்ந்துகொண்டே இருந்தோம். பணிப்பெண்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்களே தவிர ஒருவரும் நின்று என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. இருபது நிமிடம் கழித்து மனைவி, "என்னங்க, இவங்க யாரும் நம்மகிட்ட வரப்போறதில்ல. நாமதான் உள்ள போய்ச் சொல்லணும்போல" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. நகரத்தில் மேசைக்கு வந்து கேட்கும் உணவகங்களுக்கும், கைப்பேசியில் குறியீட்டை வருடி வரவழைக்கும் பப்புகளுக்கும் பழகிப்போயிருந்ததால், மரபான பப்பில் வாடிக்கையாளர்தான் எழுந்து பாருக்குப் போய்ச் சொல்லிப் பணத்தையும் அங்கேயே கட்டிவிட்டு வரவேண்டும் என்பதை மறந்திருந்தேன்.

பாரின் முன்னால் வரிசை எதுவும் கிடையாது. எதற்கும் வரிசையில் நிற்கும் நாடு என்று பெயர் வாங்கிய இங்கிலாந்தில், மக்கள் வரிசை கட்டாமல் பக்கவாட்டில் பரவி நிற்கும் ஒரே இடம் பப்பின் மரப்பலகைதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் யாருக்கு முன் யார் வந்தார் என்ற கணக்கு, நிற்பவர் மனத்திலும் ஊற்றிக் கொடுப்பவர் மனத்திலும் பிசகாமல் இருக்கிறது. கையை உயர்த்தக் கூடாது, பணத்தை ஆட்டிக் காட்டக் கூடாது, கண்ணோடு கண் பட்டால் போதும். தவறிப்போய் என்னை முதலில் கேட்டுவிட்டால், "இவர் எனக்கு முன்னால் வந்தவர்" என்று பக்கத்தில் நிற்பவரைக் காட்டவேண்டும். அப்படிக் காட்டாதவனை அந்த ஊர் நெடுநாள் நினைவில் வைத்திருக்கும். என் முறை வந்தபோது மணி ஒன்று பத்து. இரண்டு மீனும் சிப்சும், மகளுக்குச் சிறுவர் பட்டியலில் இருந்து ஒன்று, குடிக்க ஏல் என்னும் பீர் ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்), இரண்டு எலுமிச்சைப் பானம். மீன் ஒரு தட்டு பதினெட்டரை பவுண்டு. 34 என்று வண்ணத்தில் எழுதிய மரக்கரண்டி ஒன்றைக் கையில் கொடுத்து, மேசையில் நிறுத்திவைக்கச் சொன்னார்கள். (சிறுவர் பட்டியலைப் பற்றித் தனியாக எழுதவே ஒன்றுமில்லை. இந்நாட்டில் எந்த ஊர்ப் பப்புக்குப் போனாலும் கோழித்துண்டு, மீன்விரல், பாஸ்தா என்ற மூன்றும்தான். கடலோர ஊரின் சமையலறையும் குழந்தைக்கு மீன்விரலைத்தான் நீட்டுகிறது.)

சாப்பாடு வந்தபோது மணி இரண்டரை. இடையில் எங்களுக்குப் பின்னால் வந்த பக்கத்து மேசைக் குடும்பத்துக்கு நண்டு சான்ட்விச் வந்துவிட்டது, அவர்கள் சாப்பிட்டு முடித்துக் கிளம்பியும்விட்டார்கள். தோலின் நிறத்தைப் பார்த்து நம்மைக் கடைசியில் வைக்கிறார்களோ என்ற எண்ணம் எழாமல் இருக்கவில்லை. புலம்பெயர்ந்து வாழ்பவருக்கு அந்த எண்ணம் வரும், வந்தால் உண்மையா பிரமையா என்று தெரிந்துகொள்ளவும் வழி இருக்காது. அதுவே பாதிச் சாப்பாட்டைக் கெடுத்துவிடும். மீதிப் பாதியை மீனே கெடுத்தது. நீளமான ஹேடாக் துண்டு, மேலே பொன்னிறமாகத்தான் இருந்தது. கத்தியை வைத்ததும் மாவுப் போர்வை நொறுங்கவில்லை. ஈரத்துணி போல மடங்கி மீனைவிட்டுத் தனியே வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் உட்புறம் வேகாத தோசைமாவின் வெண்மை. சிப்ஸ் எண்ணெய் குடித்துத் துவண்டிருந்தன. மசித்த பட்டாணி ஒன்றுதான் சூடாக இருந்தது.

தட்டுகளை வைத்துவிட்டுப் போன பெண், பதினேழு பதினெட்டு வயதுதான் இருக்கும், ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். நான் உடனே, "லவ்லி, தேங்க் யூ" என்றேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். காரில் ஏறியதும் வீடு வந்து சேரும்வரை அந்த மீனைப் பற்றித்தான் பேசினேன். மாலையில் கூப்பிட்ட நண்பரிடமும் பேசினேன். சொல்லவேண்டிய ஒருத்தியிடம் மட்டும் சொல்லவில்லை.

நவம்பரில் மறுபடியும் போனதற்கு அந்தப் பப் காரணம் அல்ல. பிளேக்னி முனையில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் குட்டி போடும் காலம் அது, மகள் பார்க்க ஆசைப்பட்டாள். மார்ஸ்டன் துறையிலிருந்து படகில் போய் மணல்மேட்டில் கிடந்த வெள்ளைக் குட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது மூவருக்கும் காது மடல் விறைத்துப்போயிருந்தது. அந்த வார நாளில் அக்கம்பக்கத்தில் வேறெங்கும் கதவு திறந்திருக்கவில்லை. வேண்டாவெறுப்பாகத்தான் உள்ளே நுழைந்தேன்.

கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது, அதன் முன்னால் யாருடைய நாயோ நீட்டிப் படுத்திருந்தது. எங்களைத் தவிர ஆறு பேர். ஆகஸ்டில் என் கண்ணில் படாத பலவும் அன்று பட்டன. வாசற்கதவில் உணவுச் சுகாதாரத் தரமதிப்பின் பச்சை ஒட்டியில் உச்ச மதிப்பான 5 இருந்தது. வேல்சில் அதை வாசலில் ஒட்டியே ஆகவேண்டும். இங்கிலாந்தில் அது கடைக்காரரின் விருப்பம்தான், ஆகவே ஒட்டாமல் விட்டிருக்கும் இடத்தில் நான் கொஞ்சம் யோசிப்பேன். பாருக்குப் பக்கத்துச் சுவரில், என் இடுப்புக்கு மேலே, ஒரு பித்தளைக் கோடு: 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கி உள்ளே வந்தபோது தண்ணீர் நின்ற உயரம். அந்த ஒரே இரவில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குக் கீழே 2013 டிசம்பர் 5 என்று இன்னொரு கோடு. சாப்பிட உட்காரும் அறைக்குள் கடல் இரண்டு முறை வந்துபோயிருக்கிறது என்று தெரிந்ததும் மகள் தன் உயரத்தை முதல் கோட்டோடு வைத்து அளந்து பார்த்தாள்.

நான் ஒரு பைண்ட் ஏல் கேட்டேன். திரும்பும்போது மனைவி ஓட்டுவதாக ஏற்பாடு. பாரில் பீப்பாயிலிருந்து ஏலை இழுக்கும் கைப்பம்புகள் நான்கு இருந்தாலும் மூன்றில் பெயர்ச்சீட்டு பின்புறம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பீப்பாயில் சரக்கு இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். நான்காவதிலிருந்து நீளமாக மூன்று இழுப்பில் ஊற்றிக் கொடுத்தார்கள். முதல் வாயிலேயே புளிப்பு. ஆப்பிள் காடியை நினைவூட்டும் புளிப்பு. குடித்து வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பக்கத்து முக்காலியில் இருந்த முதியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொண்டுபோய்க் கொடுங்கள், தப்பே இல்லை" என்றார். கொடுத்தேன். பப்பை நடத்துபவர் அதை வாங்கி ஒளியில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், மறுபேச்சுப் பேசாமல் கீழே ஊற்றினார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்த நான்காவது பம்பின் பெயர்ச்சீட்டையும் திருப்பி வைத்துவிட்டு, புட்டியில் இருந்த வேறொரு ஏலை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கெட்டுப்போன பைண்டைத் திருப்பிக் கொடுப்பது இங்கே சண்டை அல்ல, வழக்கம் என்று அன்றுதான் புரிந்தது. குடிக்கும் பொருளைக் கூச்சமின்றித் திருப்பிக் கொடுக்கும் அதே மனிதர்கள் ஆறிப்போன மீனை மட்டும் ஏன் விழுங்கிவிட்டுப் புன்னகைக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் புதிர்தான்.

அவரை எல்லோரும் லேண்ட்லார்ட் என்றுதான் அழைத்தார்கள். இத்தனைக்கும் கட்டடம் அவருடையது அல்ல, பப் நிறுவனம் ஒன்றிடம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். கூட்டம் இல்லாததால் எங்கள் மேசைக்கே வந்து நின்று பேசினார். பீப்பாய் ஏல் உயிருள்ள பொருள், ஈஸ்ட் உள்ளேயே இருக்கிறது, திறந்துவிட்டால் காற்றுப் பட்டு மூன்று நாளைக்குள் சுவை இறங்கத் தொடங்கும் என்றார். அவர் வாங்கும் சிறிய பீப்பாய் ஒன்பது காலன், அதாவது எழுபத்திரண்டு பைண்ட். ஆகஸ்டில் அது ஒரே மதியத்தில் தீரும், நவம்பரில் மூன்று நாளில் பாதிகூடப் போகாது. கோடையில் கூட்டத்தால் மீன் கெடுகிறது, குளிர்காலத்தில் கூட்டமில்லாமல் பீர் கெடுகிறது என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

மீன் என்றதும் நான் விழித்துக்கொண்டேன். ஆகஸ்டில் வந்திருந்தோம் என்று மெதுவாகச் சொன்னேன், முழுவதும் சொல்லவில்லை. அவர் பொரிச்சட்டியைப் பற்றி விளக்கினார். எண்ணெய் 180 பாகைக்கு மேல் இருந்தால்தான் மாவு போட்டவுடன் இறுகிக்கொள்ளும், உள்ளேயிருக்கும் மீன் தன் ஈரத்தின் ஆவியிலேயே வேகும். குளிர்ந்த மீன்களை அடுக்கடுக்காக இறக்கினால் எண்ணெயின் சூடு இறங்கிவிடுகிறது, மாவு இறுகுவதற்கு முன்பே எண்ணெயைக் குடித்துவிடுகிறது. பிறகு எடுத்துச் செல்ல ஆள் வரும்வரை தட்டு விளக்குச் சூட்டின் கீழ்க் காத்திருக்க, மீனிலிருந்து எழும் ஆவி மொறுமொறுப்பை உள்ளிருந்தே நனைக்கிறது. அவரிடம் இருப்பவை இரண்டே பொரிச்சட்டிகள். தோட்டத்தையும் சேர்த்தால் அறுபது மேசை. ஆகஸ்டில் பன்னிரண்டு ஆள் வேண்டும், கிடைத்தவர்கள் ஏழு பேர். ஊரில் வீடுகள் பல விடுமுறை இல்லங்களாகிவிட்டதால் இளையவர்களுக்கு வாடகைக்கு இடமில்லை, வெளியூரிலிருந்து காரில் வரக்கூடியவர்தான் வேலைக்கு வரமுடியும். நண்டு சான்ட்விச்சுக்குப் பொரிச்சட்டி தேவையில்லை என்பது அந்தப் பேச்சின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. மூன்று மாதமாக உள்ளே கிடந்த முள் ஒன்று சத்தமில்லாமல் வெளியே வந்தது. ஆனாலும் காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக அந்த மீன் நல்ல மீனாகிவிடாது. ஏழு பேரை வைத்துக்கொண்டு அறுபது மேசைக்கும் சிப்ஸ் விற்றது அவர் எடுத்த முடிவு. பதினெட்டரை பவுண்டில் ஒரு பென்னியும் அதற்காகக் குறையவில்லை.

அன்று சாப்பிட்டது மசல்ஸ் என்னும் மட்டி. நீர் குளிர்ந்திருக்கும் மாதங்களில்தான் அது நன்றாக இருக்கும். அந்தக் கரையின் ஓடைகளிலேயே வளர்க்கிறார்கள். கறுப்பு இரும்புச் சட்டியில் மூடியோடு வந்தது. திறந்ததும் பூண்டும் வெள்ளை ஒயினும் கடலும் சேர்ந்த ஆவி முகத்தில் அடித்தது. முதல் மட்டியை முள்கரண்டியால் எடுத்துத் தின்றுவிட்டு, ஒட்டியிருக்கும் அதன் இரட்டை ஓட்டையே இடுக்கியாக்கி அடுத்த மட்டியின் சதையைக் கவ்வி இழுக்கவேண்டும் என்று பணிப்பெண் மகளுக்குச் செய்துகாட்டினாள். ஆகஸ்டில் எங்களுக்கு மீன் கொண்டுவந்த அதே பெண்தான். நின்று பேச அவளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்திருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. மகள் இருபத்துமூன்று ஓடுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மேசையில் வளைத்து வைத்தாள். சட்டியின் அடியில் நின்ற சாற்றை ரொட்டியால் ஒற்றி எடுத்தது நான்.

மூன்றாவது முறை 2025 மே மாதம், அம்மா வந்திருந்தபோது. அம்மா சைவம், முட்டையும் கிடையாது. வாசலில் தொங்கிய பலகையையும் பீப்பாய்ப் படத்தையும் பார்த்துவிட்டுப் படியிலேயே நின்றுவிட்டார். "ஏண்டா, இந்த வயசுல என்னைக் கூட்டிட்டு வந்து சாராயக்கடையில உட்கார வைக்கிறியா?" என்றார். பப் என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம், ஊர்ச்சாவடி மாதிரி, குழந்தைகளும் நாய்களும்கூட உள்ளே இருக்கின்றன என்று எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. ஜன்னலோரத்தில் தன் வயதை ஒத்த இரண்டு மூதாட்டிகள் தேநீர்க் கெண்டியை நடுவில் வைத்துக்கொண்டு கதை பேசுவதைப் பார்த்த பிறகுதான் உள்ளே வந்தார்.

சைவம் என்று அம்மா நம் பொருளில் சொல்வதும் இங்கே வெஜிட்டேரியன் என்று சொல்வதும் ஒன்றல்ல என்பதால், நான் எப்போதும் வளைத்து வளைத்துக் கேட்பவன். வூஸ்டர் சாசில் நெத்திலி இருக்கும். பார்மசான் பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பை நொதியில்லாமல் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை விருந்தின் காய்கறி ரோஸ்டுக்கு மேல் ஊற்றும் கிரேவி எதிலிருந்து வந்தது என்று கேட்டாலொழியச் சொல்லமாட்டார்கள். அன்று பாரில் இருந்த இளைஞனிடம் சிப்ஸ் எந்த எண்ணெயில் பொரிப்பது என்று கேட்டேன். அவன் "தாவர எண்ணெய்தான்" என்று சொல்லி முடித்திருக்கலாம். பல இடங்களில் அத்தோடு முடிந்துவிடும். அவன் ஒரு கணம் யோசித்து, "இருங்கள், மீன் பொரிக்கும் சட்டியும் அதுவும் ஒன்றா என்று கேட்டு வருகிறேன்" என்று சமையலறைக்குள் போனான். திரும்பி வந்து, இரண்டு சட்டியிலும் மீனும் பொரிக்கிறார்கள், ஆகவே உங்கள் அம்மாவுக்குச் சிப்ஸ் தருவது சரியாக இருக்காது என்றான். பதினான்கு ஒவ்வாமைப் பொருட்களின் அட்டவணையைப் பிளாஸ்டிக் உறையிட்ட தாளில் கொண்டுவந்து எங்கள்முன் வைத்தான். எந்த உணவில் எது இருக்கிறது என்று கேட்டால் சொல்லவேண்டும் என்பது இங்கே சட்டம், கடுகும் எள்ளும் அந்தப் பதினான்கில் இருப்பதைப் படித்துவிட்டு அம்மா, "கடுகு தாளிச்சாக்கூட இவங்களுக்குச் சொல்லிட்டுத்தான் தாளிக்கணுமா?" என்று வியந்தார். சட்டம் கேட்பது அந்தப் பதினான்கைப் பற்றிய தகவலை. அம்மாவுக்கு வேண்டியிருந்ததோ, சிப்சும் மீனும் ஒரே சட்டியிலா என்ற கேள்விக்குப் பதில். அதற்காகச் சமையலறைக்குள் போய்க் கேட்டு வந்தது அவனாகச் செய்தது.

பிறகு அவனே மாற்றும் சொன்னான். மே மாதம் என்பதால் உள்ளூர் அஸ்பாரகஸ் என்னும் தண்டுக்காய் வந்திருக்கிறது, புது உருளைக்கிழங்கும் இருக்கிறது, இரண்டையும் வேகவைத்து வெண்ணெய் போட்டுத் தருகிறோம், பட்டியலில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றான். கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய கிழங்குகள், தோல் உரிக்காமல் வந்தன. வாயில் வைத்தால் மண்வாசனையும் வெண்ணெயும். அம்மா மிளகுத்தூளையும் உப்பையும் தாராளமாகத் தூவி ஒன்று மிச்சமில்லாமல் சாப்பிட்டார். அஸ்பாரகஸை மட்டும், "முருங்கைக்காய் மாதிரி இருக்குன்னு பார்த்தா முழுசா மெல்ல வேண்டியிருக்கே" என்றார். உரிமம் பெற்ற மதுவிடுதிகளில் குடிநீர் கேட்டால் இலவசமாகத் தரவேண்டும் என்ற விதியைப் பெருமையாக அவருக்குச் சொன்னேன். அம்மா கேட்டதோ வெந்நீர். எனக்குத்தான் கேட்கக் கூச்சமாக இருந்தது. இளைஞன் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், தேநீர்க் கெண்டி நிறைய வெந்நீரும் ஒரு கோப்பையும் ஓர் எலுமிச்சைத் துண்டும் கொண்டுவந்து வைத்தான். பில்லில் அது இல்லை.

நான் அதே கரையிலுள்ள குரோமர் ஊரின் பெயரால் வழங்கும் குரோமர் நண்டு சாப்பிட்டேன். வேகவைத்து ஆறவைத்த நண்டின் சதையையெல்லாம் எடுத்து, ஓட்டைக் கழுவி, அதற்குள்ளேயே திரும்ப அடுக்கித் தருவார்கள்; நடுவில் பழுப்புச் சதை, இருபுறமும் கொடுக்கிலிருந்து எடுத்த வெள்ளைச் சதை. வெள்ளை இனிக்கும், பழுப்பில்தான் கடல் இருக்கும். இரண்டாவது கவளத்தில் நகக்கண் அளவு ஓட்டுச் சில்லு ஒன்று பல்லில் பட்டது. இதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. கையால் எடுத்த சதை என்பதற்கு அது சான்று என்று நான் மகிழ்ந்தேன். காரக்குழம்பில் இதே நண்டு எப்படி இருக்கும் என்று யோசித்ததையும் மறைக்கவில்லை, அம்மா இருந்ததால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

டிப்ஸ் பற்றி ஒரு சொல். பாரில் போய்ச் சொல்லிக் குடிக்கும் பானத்துக்கு இங்கே டிப்ஸ் வைக்கும் வழக்கமில்லை. மனம் இருந்தால், "உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வார்கள். மேசைக்குச் சாப்பாடு வந்தால் பத்து விழுக்காடு அளவில் வைப்பதுண்டு. 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் முழுவதையும் முதலாளி எதுவும் பிடிக்காமல் பணியாளர்களுக்கே கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அதனால் அன்று அட்டையிலேயே தயங்காமல் சேர்த்துக் கொடுத்தேன். அம்மா அந்த இளைஞனின் கையைப் பிடித்து "நல்லா இருப்பா" என்றார். அவனுக்கு என்ன புரிந்ததோ, அதே தொனியில் ஏதோ பதில் சொன்னான்.

கடைசி வருகை மீண்டும் ஆகஸ்டு. பாடம் படித்தவன் என்ற நினைப்பில் பன்னிரண்டு அடிக்கும்போதே உள்ளே இருந்தேன், நேராகப் பாருக்குப் போனேன், மகளுக்கும் பெரியவர்களின் பட்டியலிலிருந்தே மீன் சொன்னேன். பக்கத்தில் சாம்ஃபயர் கேட்டேன். சதுப்பில் வளரும் உப்புக்கீரை, நம் உப்பளங்களின் ஓரம் முளைக்கும் உமரியின் உறவு, நாரை மட்டும் விட்டுவிட்டுப் பல்லால் உருவித் தின்னவேண்டும். இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டன. என்னுடையதும் மனைவியுடையதும் குறைசொல்ல முடியாத மீன்கள். மகளின் தட்டில் இருந்தது மட்டும் அதே ஈரத்துணி. கத்தி பட்டதும் போர்வை சுருண்டு தனியே வந்தது, சட்டிக்குக் கடைசியில் போனதோ என்னவோ.

அந்தப் பெண் திரும்பி வந்தாள். இந்த ஓராண்டில் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், எங்களை அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். "லவ்லி" என்ற சொல் நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. மனைவி என்னைப் பார்த்தாள். இந்த இரண்டும் மிக நன்றாக இருக்கின்றன, இவளுடைய மீன் மட்டும் உள்ளே வேகாமல் ஈரமாக இருக்கிறது, மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் குனிந்து மாவை விரலால் அழுத்திப் பார்த்தாள். "ஐயோ, ஆமாம். சொன்னதே நல்லது, இதே அடுக்கில் இன்னும் நான்கு தட்டு போயிருக்கிறது" என்று தட்டை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். தோட்டத்தின் மறுமூலையில் இரண்டு மேசைகளில் அவள் நின்று கேட்பதும், அங்கிருந்தவர்கள் புன்னகையோடு தலையாட்டி வேண்டாம் என்பதும் தெரிந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து எனக்கே தெரிந்தது, அவர்கள் மீனைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

ஒன்பது நிமிடத்தில் புதுத் தட்டு வந்தது. நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இம்முறை கொண்டுவந்தவர் லேண்ட்லார்டே. முதல் தட்டுக்கான பணத்தை அட்டைக்குத் திருப்பிவிட்டதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை. மகள் கத்தியை வைத்தாள், பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி நொறுங்கியது. இப்போது சரியாக இருக்கிறதா என்று அவர் அவளிடம் கேட்டார். வாய் நிறைய மீனை வைத்துக்கொண்டு அவள், "லவ்லி" என்றாள்.